மோட்டார் ஓடுவது எத்தனை மணிக்கு? கரன்ட் பில் கேட்கும் புதிய கேள்வி!

வண்டியூரில் காலை ஏழு மணிக்கு ஷட்டர்கள் ஏறத் தொடங்கிவிடும். மாவு மில்லில் பெல்ட் மாட்டுவார்கள். வெல்டிங் பட்டறையில் முதல் பொறி பறக்கும். தண்ணீர் கேன் நிரப்பும் இடத்தில் பம்ப் ஓடும். ரிங் ரோட்டுப் பக்கம் இருக்கும் லேத் பட்டறைகளில் எட்டு மணிக்கெல்லாம் மெஷின் சூடாகிவிடும். ஊர் வேலையைத் தொடங்கும் இந்த நேரத்துக்கு மின் கட்டண ஆணையில் ஒரு பெயர் இருக்கிறது: ‘உச்ச நேரம்’. இந்த நேரத்தில் எரியும் யூனிட்டுக்கு விலை கூட.

சிறு தொழில் செய்பவர்களில் பலருக்கு மின் கட்டணம் என்றால் யூனிட் கணக்குதான். போன தடவை 2,000 யூனிட், இந்தத் தடவையும் 2,000 யூனிட் என்றால் பில்லும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நீண்ட காலம் அது சரியாகவும் இருந்தது. கடந்த சில ஆண்டுகளில் அந்தக் கணக்கு மாறிவிட்டது. எத்தனை யூனிட் என்பதோடு, எந்த நேரத்தில் எரித்தார்கள், ஒரே சமயத்தில் எவ்வளவு இழுத்தார்கள் என்பதையும் பில் கேட்கத் தொடங்கியிருக்கிறது. கேள்வி மாறியது தெரியாமல் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு மாதம் சில நூறு முதல் சில ஆயிரம் வரை கையை விட்டுப் போகிறது.

2022 செப்டம்பரில் என்ன நடந்தது?

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் புதிய கட்டண ஆணையை வெளியிட்டது. அது செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. வீடுகளில் இரண்டு மாத பில் கூடியதுதான் அப்போது பெரிய பேச்சானது. சிறு தொழிற்சாலைகளுக்கு நடந்த மாற்றம் அதைவிட ஆழமானது.

லேத், வெல்டிங், பிளாஸ்டிக் மோல்டிங் போன்ற சிறு தொழில்கள் பெரும்பாலும் ‘குறைந்த அழுத்தம் 3-பி’ என்ற வகையில் வருகின்றன. இந்த வகையில் யூனிட் விலை 6.35 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆனது. இது பாதிக் கதைதான். மீதிப் பாதி நிலைக் கட்டணத்தில் இருக்கிறது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை அது. முன்பு ஒரு கிலோவாட் லோடுக்கு மாதம் 35 ரூபாய். புதிய ஆணையில் 50 கிலோவாட் வரை 75 ரூபாய், அதற்கு மேல் 112 கிலோவாட் வரை 150 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 40 கிலோவாட் லோடு வாங்கியிருக்கும் பட்டறைக்கு மாதம் 1,400 ரூபாயாக இருந்த நிலைக் கட்டணம் 3,000 ஆனது. 112 கிலோவாட் வைத்திருப்பவருக்கு 3,920 ரூபாய் 16,800 ஆனது. ஆர்டர் இல்லாமல் மாதம் முழுக்கப் பூட்டிக் கிடந்தாலும் இந்தத் தொகை பில்லில் வரும்.

அதே ஆணையில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசி உயர்வுக்கு ஏற்பக் கட்டணம் கூடும், அதிகபட்சம் 6 சதவீதம். அதன்படி 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024 ஜூலையில் 4.83 சதவீதம், 2025 ஜூலையில் 3.16 சதவீதம் என உயர்வு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பிரிவுக்கான உயர்வை அரசு மானியமாகத் தாங்குகிறது என்பதைப் பொறுத்து யாருக்கு எவ்வளவு என்பது மாறும். 2024 ஜூலை நிலவரப்படி 3-பி யூனிட் விலை 8 ரூபாய். கடைகளுக்கு, இரண்டு மாதத்தில் 100 யூனிட்டைத் தாண்டிவிட்டால், யூனிட் 10.15 ரூபாய்.

2023 செப்டம்பர் 25-ம் தேதி சிறு, குறு தொழில் நிறுவனங்கள் மாநிலம் முழுக்க ஒருநாள் கதவடைப்பு நடத்தியதன் பின்னணி இதுதான். அன்று வைத்த கோரிக்கைகளில் முக்கியமானவை இரண்டு: நிலைக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும், உச்ச நேரக் கட்டணத்தை நீக்க வேண்டும்.

உச்ச நேரம் ஏன் விலை கூட?

மாவு மில்லுக்கு வரும் பெண்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஏண்ணே, கோதுமை அதே கோதுமை, மிசின் அதே மிசின். காலையில அரைச்சா என்ன, மத்தியானம் அரைச்சா என்ன? கரன்டு ஒண்ணுதானே?” மில்காரர் சொல்வார், “கரன்டு ஒண்ணுதாக்கா. ஆனா அவங்க வாங்குற வெல ஒண்ணு இல்லையாம்ல.”

இரண்டு பேர் சொல்வதும் சரி. வயரில் வரும் மின்சாரத்தில் காலை, மாலை வித்தியாசம் இல்லை. அதை வாங்கும் விலையில் இருக்கிறது.

மின் பகிர்மானக் கழகம் தனக்கு வேண்டிய மின்சாரத்தை நாள் கணக்கில் வாங்குவதில்லை. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, மொத்தம் 96 துண்டுகளுக்கும் எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னதைவிடக் கூடுதலாக இழுத்தாலோ குறைவாக இழுத்தாலோ அந்தந்த 15 நிமிடத்துக்குத் தனிக் கணக்கு. கடைசியில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நேர் செய்வார்கள். சந்தைக்குக் காய்கறி அனுப்பும் விவசாயி, கமிஷன் கடைக்காரர், சில்லறை வியாபாரி மூவரும் மாலையில் உட்கார்ந்து கணக்கு முடிப்பது போலத்தான் இதுவும். அங்கே ஒரு நாளுக்கு ஒரு தடவை, இங்கே 96 தடவை.

பகலில் சூரிய மின்சாரம் தாராளமாக வருகிறது, மின் சந்தையில் விலை இறங்கும். ஆறு மணிக்குச் சூரியன் போய்விடும். அதே நேரத்தில் வீடுகளில் லைட், ஃபேன், ஏ.சி., மிக்ஸி எல்லாம் ஓடும். விலை ஏறும். நாட்டின் மின் சந்தைகளில் ஒரு யூனிட்டுக்கு 10 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று 2023 ஏப்ரலில் மத்திய ஆணையம் உச்சவரம்பு வைத்தது. நெருக்கடியான மாலைகளில் விலை அந்த உச்சவரம்பைத் தொடுவதும் உண்டு.

இத்தனை காலம் இந்த ஏற்ற இறக்கத்தைப் பகிர்மானக் கழகம் தாங்கிக்கொண்டு, வாடிக்கையாளருக்கு ஒரே சராசரி விலை போட்டது. இப்போது அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கு தொழில் செய்பவர் பில்லுக்கு வருகிறது. நேரத்துக்கு நேரம் விலை என்ற சீர்திருத்தத்தின் சாரம் இவ்வளவுதான்.

உயரழுத்த மின்சாரம் வாங்கும் பெரிய ஆலைகளுக்கு உச்ச நேரக் கட்டணம் புதிதல்ல. இரவு 10 முதல் அதிகாலை 5 வரை எரித்தால் அவர்களுக்கு 5 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. 2022 ஆணை, சிறு பட்டறைகளையும் உச்ச நேரக் கட்டணத்துக்குள் கொண்டுவந்தது. காலையிலும் மாலை ஆறு மணிக்குப் பிறகும் தலா நான்கு மணி நேரம், யூனிட் விலையில் 25 சதவீதம் கூடுதல் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும், 2022 நவம்பரில் தமிழக அரசு அதை 15 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது.

ஒரு பட்டறை மாதம் 2,000 யூனிட் எரிக்கிறது, அதில் 600 யூனிட் உச்ச நேரத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ரூபாய் விலையில் 15 சதவீதம் என்றால் யூனிட்டுக்கு 1.20 ரூபாய். மாதம் 720 ரூபாய் கூடுதல். அதுவே 25 சதவீதமாக இருந்தால் 1,200 ரூபாய். பெரிய ஆலைக்கு இது ஒன்றுமில்லை. இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இது ஒரு ஆளின் ஒருநாள் கூலி.

நேரம் தெரியாத மீட்டர்

இங்கேதான் சிக்கல். மோட்டார் காலை எட்டு மணிக்கு ஓடியதா, பதினொரு மணிக்கு ஓடியதா என்று யார் சொல்வது? மீட்டர்தான் சொல்ல வேண்டும். பழைய மீட்டருக்கு அது தெரியாது. மொத்த யூனிட் எத்தனை என்று மட்டுமே காட்டும். நேர வாரியாகப் பிரித்துப் பதிவு செய்யும் மீட்டர் வேறு.

நேரத்தைக் குறித்து வைக்காத மீட்டரை மாட்டிவிட்டு, நேரத்துக்கு நேரம் விலை வாங்குவது எப்படி நியாயமாகும் என்று தொழில் அமைப்புகள் கேட்டன. தராசு இல்லாமல் எடை போட்ட கதை இது. அரைத்தது பகலில், கட்டுவது காலை விலை என்றால், நேரத்தை மாற்றிக்கொள்ள யாருக்கும் எந்தக் காரணமும் இல்லை. எப்படி ஓட்டினாலும் ஒரே பில்தான் வரும். சீர்திருத்தத்தின் நோக்கமே அங்கே அடிபட்டுப்போகிறது.

இதற்கு விடை ஸ்மார்ட் மீட்டர் என்கிறது மத்திய அரசு. சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாக ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டன. மாநிலம் முழுக்கப் பொருத்தும் திட்டத்துக்கு விடப்பட்ட டெண்டர், விலை அதிகம் என்ற காரணத்தால் 2024 டிசம்பரில் ரத்தானது. கட்டண முறை முன்னால் ஓடிவிட்டது, மீட்டர் பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

மத்திய விதி என்ன சொல்கிறது?

மின் நுகர்வோர் உரிமை விதிகளை மத்திய மின்துறை அமைச்சகம் 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. 2023 ஜூனில் அதில் ஒரு திருத்தம் செய்தது. தொழில், வணிக வாடிக்கையாளர்களில் 10 கிலோவாட்டுக்கு மேல் எடுப்பவர்களுக்கு 2024 ஏப்ரல் 1-க்குள் நேரவாரிக் கட்டணம் வர வேண்டும், விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் வர வேண்டும் என்றது அந்தத் திருத்தம்.

அதில் உச்ச நேரத்துக்குக் கூடுதல் விலை என்பதோடு வேறு சில அம்சங்களும் இருக்கின்றன. சிறு தொழில் செய்பவர்கள் அவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது, சூரிய ஒளி இருக்கும் எட்டு மணி நேரத்துக்கு விலை, சாதாரண விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, தொழில், வணிகத்துக்கு உச்ச நேர விலை சாதாரண விலையைப்போல் குறைந்தது 1.20 மடங்கு இருக்க வேண்டும். ஆனால் உச்ச நேரத்தின் அளவு சூரிய நேரத்தின் அளவைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது, ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியவுடன் நேரவாரி விலை நடைமுறைக்கு வரும். அந்த மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவிலிருந்தே படித்து, தகவலை வாடிக்கையாளருக்கும் தர வேண்டும்.

நான்காவது, புதிய மீட்டர் கூடுதல் லோடைக் காட்டினாலும், அது பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது. வாங்கிய லோடை ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை தாண்டினால்தான் லோடைத் திருத்தி உயர்த்தலாம்.

இது மத்திய விதி. பில்லில் எண்ணாக இறங்குவது மாநில ஆணையத்தின் ஆணைதான். 2022-ல் தமிழக ஆணையம் போட்ட ஆணையில் உச்ச நேரக் கூடுதல் இருந்தது, பெரிய ஆலைகளுக்கு இரவுத் தள்ளுபடி இருந்தது, பகல் நேரத் தள்ளுபடி இல்லை. நேரத்துக்கு விலை என்று சொல்லிவிட்டு விலை ஏறும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இறங்கும் நேரத்தை விட்டுவிடுவது அரைச் சீர்திருத்தம். வண்டியூர் வெயிலில் பதினொன்று முதல் மூன்று வரை கூரைத் தகரம் கொதிக்கும்போது மின் சந்தையில் மின்சாரம் மலிவாக இருக்கிறது. அந்த மலிவில் ஒரு பங்கு பட்டறைக்கும் வர வேண்டும்.

யாரால் நேரம் மாற்ற முடியும்?

‘உச்ச நேரத்தில் ஓட்டாதீர்கள்’ என்று சொல்வது சுலபம். எல்லாத் தொழிலுக்கும் அது பொருந்தாது.

ஆர்.ஓ. முறையில் தண்ணீர் சுத்திகரித்து கேனில் நிரப்புபவருக்கு இது ஓரளவு முடியும். பெரிய டேங்க் இருந்தால் பகலில் சுத்திகரித்து வைத்துவிட்டு, காலையில் நிரப்பும் வேலையை மட்டும் செய்யலாம். ஐஸ் தயாரிப்பவரும், குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவரும் மதியம் நன்றாகக் குளிர வைத்துவிட்டு மாலையில் கம்ப்ரஸரின் வேலையைக் குறைக்கலாம். வெல்டிங் பட்டறைக்காரர் காலையில் அளவெடுப்பது, வெட்ட வேண்டியதைக் குறிப்பது, பெயின்ட் அடிப்பது போன்றவற்றை வைத்துக்கொண்டு வெல்டிங்கைக் காலை உச்ச நேரம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மாவு மில்லால் முடியாது. வேலைக்குப் போகும் முன்னும், வேலை முடிந்து திரும்பும்போதும்தான் ஜனம் தூக்குவாளியும் பையுமாக வருகிறது. மதியம் இரண்டு மணிக்கு மில்லில் ஈ ஓட்ட வேண்டியதுதான். பேக்கரியால் முடியாது, காலை பன்னுக்கு அதிகாலையில் அடுப்பு எரிந்தாக வேண்டும். இட்லி மாவு அரைத்து விற்பவருக்கு மாலைதான் வியாபாரம். ஆர்டர் கொடுத்த கம்பெனி ‘சாயந்திரம் ஆறு மணிக்கு லோடு ஏத்தணும்’ என்று சொன்னால், லேத் பட்டறைக்காரர் கட்டண ஆணையைக் காட்டி மறுக்க முடியாது.

இரவுக்கு மாற்றினாலும் செலவு வேறு வடிவில் வரும். இரவு வேலைக்கு ஆள் வர ஆட்டோ, டீ, கூடுதல் கூலி, பெண்கள் வேலை செய்யும் இடமானால் பாதுகாப்பு என எல்லாம் சேரும். வீடுகளுக்கு நடுவே இருக்கும் பட்டறையில் இரவில் கிரைண்டர் ஓட்டினால் பக்கத்து வீட்டுப் பிள்ளை தூங்காது. மின் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தைத் தெருவில் உறவைக் கெடுத்துக்கொண்டுதான் சம்பாதிக்க வேண்டியிருக்கும்.

ஆக, நேரவாரி விலையால் லாபம் பெறப்போகிறவர் டேங்க், கிடங்கு, மாற்று ஷிஃப்ட் என்று நேரத்தைச் சேமித்து வைக்க வசதி உள்ளவர். வாடிக்கையாளர் வரும் நேரத்தில் மட்டுமே வேலை உள்ள சின்ன ஆள் அதிகம் கட்டுகிறார். கொள்கை வகுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

12 கிலோவாட்டுக்கு உட்பட்ட சின்னப் பட்டறைகளை 3-பி வகையிலிருந்து, கட்டணம் குறைவான 3-ஏ(1) வகைக்கு மாற்றுவதாக அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது ஓரளவு அதைப் புரிந்துகொண்ட முடிவு. 3-ஏ(1) வகையில், 2024 ஜூலை நிலவரப்படி 500 யூனிட் வரை 4.80 ரூபாய், அதற்கு மேல் 6.95 ரூபாய். 3-பி வகையின் 8 ரூபாயோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். தகுதி இருந்தும் பழைய வகையிலேயே பில் கட்டிக்கொண்டிருக்கிறோமா என்று பார்ப்பதுதான் சின்னப் பட்டறைக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை.

திருவிழா லோடும் வருடம் முழுக்கக் கட்டணமும்

வண்டியூருக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கி, வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வந்து சேரும் நாட்களில் மதுரைக்கு வரும் கூட்டத்துக்கு ஐஸ் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஜிகர்தண்டாவும் சர்பத்தும் வேண்டும். அந்த நேரத்தில் எல்லா மெஷினும் ஒன்றாக ஓடும். அதற்காக ஒருவர் 60 கிலோவாட் லோடு வாங்கி வைத்திருக்கிறார், மற்ற மாதங்களில் 35-க்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். 2022 ஆணையின் விலையில் 60 கிலோவாட்டுக்கு மாதம் 9,000 ரூபாய் நிலைக் கட்டணம். 50 கிலோவாட்டுக்குள் இருந்திருந்தால் கிலோவாட்டுக்கு 75 ரூபாய்தான், 3,750-க்குள் முடிந்திருக்கும். சில நாள் திருவிழாவுக்காகப் பன்னிரண்டு மாதமும் கூடுதல் பணம் போகிறது.

எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்யாமல், ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டினாலே பலருக்கு உச்ச லோடு குறையும். மீட்டர் உச்ச லோடைக் கணக்கிடுவது ஒரு நொடியின் அளவை வைத்து அல்ல. கால் மணி அல்லது அரை மணி நேரத்தின் சராசரியை எடுக்கும். கம்ப்ரஸரும் பம்பும் சேர்ந்து அரை மணி ஓடினால் அந்த மாதத்தின் உச்சம் அங்கே பதிந்துவிடும்.

பில்லில் பார்க்க வேண்டிய எண்கள்

யூனிட் எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். அதோடு இன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கட்டண வகை. 3-ஏ(1), 3-பி, கடைகளுக்கான 5 என்று பில்லில் இருக்கும். செய்யும் தொழிலும் லோடும் அதற்குப் பொருந்துகிறதா?

இரண்டு, வாங்கிய லோடும், மீட்டர் பதிவு செய்த உச்ச லோடும். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், லோடைக் குறைக்க விண்ணப்பிக்கலாம். நெருக்கமாக இருந்தால் மெஷின் ஓட்டும் ஒழுங்கை மாற்ற வேண்டும்.

மூன்று, ‘பவர் ஃபேக்டர்’. வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலையாகிறது என்பதற்கான அளவு இது. குறைந்த அழுத்தத் தொழில் இணைப்புகளில் இது 0.85-க்குக் கீழே போனால் கூடுதல் தொகை வரும். மோட்டார் அதிகம் ஓடும் இடத்தில் சரியான கெபாசிட்டர் இல்லாவிட்டாலும், இருந்த கெபாசிட்டர் கெட்டுப்போயிருந்தாலும் இது சரியும். அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

கூரையில் சோலார் போடலாமே என்பது பலர் சொல்லும் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் தொழில் இணைப்புகளில் வாரியத்துக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கும், அங்கிருந்து வாங்கும் யூனிட்டுக்கும் ஒரே விலை கிடையாது. கொடுப்பதற்குக் குறைவு, வாங்குவதற்கு அதிகம். பகலில் உற்பத்தியாவதைப் பகலிலேயே எரிப்பவருக்குத்தான் சோலாரில் நல்ல லாபம். ஞாயிறு பூட்டிக் கிடக்கும் பட்டறையும் தினமும் ஓடும் பட்டறையும் இதில் ஒன்றல்ல. அங்கேயும் நேரம்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது.

வெளிநாட்டிலும் இதே பாதைதான்

பிரிட்டனில் பெரிய நிறுவனங்களின் மின் கணக்கு நீண்ட காலமாக அரை மணிக்கு ஒரு முறை என்று நேர் செய்யப்படுகிறது. வீடுகள், சிறு கடைகளுக்கு மட்டும் மதிப்பீட்டில் கணக்குப் போட்டு வந்தார்கள். அவர்களையும் அரை மணிக் கணக்குக்குள் கொண்டுவரும் வேலை 2025 அக்டோபரில் அங்கே தொடங்கியது. அங்கே மீட்டரும் தகவல் ஏற்பாடும் முதலில், புதிய கணக்கு பிறகு என்ற வரிசையில் போகிறார்கள். தமிழ்நாட்டில் சிறு தொழில் செய்பவர்கள் கேட்பதும் அதே வரிசையைத்தான்.

சந்தேகம் வந்தால்?

பில்லில் சந்தேகம் வந்தால் முதலில் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும். மீட்டரைச் சோதிக்கக் கேட்கலாம். 24 மணி நேரமும் இயங்கும் ‘மின்னகம்’ சேவை மையத்தின் எண் 94987 94987. அங்கே தீராவிட்டால், மின்சாரச் சட்டம் 2003-ன்படி அமைக்கப்பட்ட மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் இருக்கிறது. அதன் தீர்ப்பிலும் திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இரண்டு இடத்திலும் வக்கீல் இல்லாமல் தாங்களே போய்ப் பேசலாம்.

இதற்கெல்லாம் கையில் கணக்கு இருக்க வேண்டும். ஒரு வாரம், தினமும் நான்கு தடவை மீட்டர் ரீடிங்கை நோட்டில் குறித்தால் போதும்: காலை உச்ச நேரம் தொடங்கும்போதும் முடியும்போதும், மாலை உச்ச நேரம் தொடங்கும்போதும் முடியும்போதும். எந்தத் துண்டில் எத்தனை யூனிட் போகிறது என்பது ஏழு நாளில் தெளிவாகிவிடும். நேரம் காட்டாத மீட்டர் உள்ளவர்களுக்கு அந்த நோட்டுதான் நேரம் காட்டும் மீட்டர்.

அந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2022-ல் கட்டணம் உயர்த்தும் முன் ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. இப்போதைய கட்டண ஏற்பாடு 2026-27 உடன் முடிகிறது. அடுத்ததற்கும் கருத்துக் கேட்டாக வேண்டும். ‘கட்டணம் அதிகம்’ என்று மைக்கில் சொல்பவர்கள் நூறு பேர் இருப்பார்கள். ‘என் மில்லில் நூறில் இத்தனை யூனிட் காலை உச்ச நேரத்துக்குள் போகிறது, வாடிக்கையாளர் வருவதே அப்போதுதான், இதோ கணக்கு’ என்று நோட்டை நீட்டுபவரின் பேச்சை ஆணையம் பதிவு செய்தாக வேண்டும். பகல் நேரத் தள்ளுபடியையும், நேரம் மாற்ற முடியாத சின்னத் தொழிலுக்கு விலக்கையும் கேட்டு வாங்க, வண்டியூர் மில்காரருக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.